மத்தியானத்துக்கு மேல்

ஆரணியில் பட்டுச்சேலை டிசைனைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைவது ஸ்ருதியின் வேலை. கவனம் சிதறும் ஏடிஹெச்டி கோளாறுக்கு மருந்து ஆரம்பித்த புதிதில் சாயங்காலம் வரை மனசு ஓரிடத்தில் நின்றது. நாலு மாதமாக எல்லாம் மத்தியானத்தோடு சரி. அதற்கு மேல் வரைகிற மயிலுக்கு மூன்று கால் முளைக்கும். முதலாளி கத்துவார். அழக்கூடத் தெம்பில்லாமல் மறுபடி வரைவாள்.

வேலூர் டாக்டரிடம் போனாள்.

"மருந்து ஒடம்புக்குப் பழகிப்போச்சுங்க. டோஸ் ஏத்துங்க."

"எப்படிச் சாப்பிடுறீங்க?"

"நாங்க ஜைனருங்க. கேப்சூல் உறையை எலும்புல செய்றாங்கன்னு கோயில்ல சொன்னாங்க. அதான் உறையைத் தூக்கிப் போட்டுட்டு, உள்ள இருக்கிற குருணையை நைசா இடிச்சு, பால்ல கலந்து குடிச்சிகினு இருக்கேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தனை நாளா?"

"நாலு மாசமா."

"அந்தக் குருணை நாள் முழுக்கக் கொஞ்சங்கொஞ்சமா கரையணும்மா. இடிச்சா காலையிலேயே மொத்தமும் கரைஞ்சு, மத்தியானத்தோட தீர்ந்துடும். உறையில்லாத மாத்திரை எழுதுறேன். அதையும் இடிச்சிடாதீங்க."

ஆரணி பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள். வண்டிச் சாவி, டிபன் டப்பா, அம்மாவின் பிறந்தநாள் என்று எல்லாவற்றையும் மறக்கிறவள், இடிப்பதை மட்டும் ஒரு நாள்கூட மறந்ததில்லை.