ரெண்டாந்தடவை கேட்பார்கள் என்று

எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும், காபி குடிக்கிறீர்களா என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். அவர்கள் இன்னொரு தடவை கேட்பார்கள். அப்போது வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையே கையை நீட்டினால், காணாததைக் கண்டவள் என்பார்கள். இதை யாரும் என்னை உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. அஞ்சாம் வகுப்போடு வீட்டில் நின்றபோதே எனக்குத் தெரிந்திருந்தது.

என் மகள் திண்டுக்கல்லில் காலேஜ் படித்தாள். செல்போன் எல்லார் கைக்கும் வராத காலம். அவள் அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். தமிழில் படித்துவிட்டு வந்து இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து முழிக்கிற பிள்ளைகளுக்கு, சாயங்காலத்தில் இவள் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள். காலேஜே ஒப்படைத்த வேலை. டீச்சர் சொல்லி விளங்காதது, கூடப் படிக்கிறவள் சொன்னால் விளங்கியது. அது எப்படி என்று இவள் பத்துப் பக்கம் எழுதினாள். பூனாவில் பெரிய வாத்தியார்கள் கூடும் கூட்டத்தில் அதை வந்து வாசிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது.

ஒரு சனிக்கிழமை அவளுடைய டீச்சரம்மா ஸ்கூட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மகள் காலேஜில் இருந்தாள். காபி போடட்டுமா என்றேன்.

"அய்யோ வேண்டாம்மா, இப்பத்தான் குடிச்சேன்."

"செத்த நேரந்தாங்க" என்று அடுப்பைப் பற்றவைத்தேன். குடித்தார்.

"ஒரு பிள்ளைய அனுப்பக் காலேஜ்ல பணம் ஒதுக்கியிருக்காங்கம்மா. போக வர டிக்கெட்டு, தங்குற எடம், சாப்பாடு எல்லாம் அதுலயே வந்துரும். உங்க சம்மதந்தான் வேணும். இன்னைக்கே பேரைக் குடுக்கணும். அனுப்புறீங்களா?"

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனாலும் வாய் தன்னாலே, "அதெல்லாம் எதுக்குங்க டீச்சரம்மா, வேண்டாங்க" என்றது. தலையைக் குனிந்துகொண்டு அடுத்த தடவைக்காகக் காத்திருந்தேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "புரியுதும்மா. பொம்பளப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்ப யோசனையாத்தான் இருக்கும். நான் கட்டாயப்படுத்த மாட்டேன்."

வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்புவார் என்று நினைத்தேன். வண்டியைக் கிளப்பும்போதும் நினைத்தேன். வண்டி தெருமுனை தாண்டிய பிறகும் கதவைப் பிடித்தபடியே நின்றேன்.

மகள் மூச்சிரைக்க வந்தாள். "டீச்சர் வந்தாங்களாம்மா? என்ன சொன்ன?"

"வேண்டாம்னேன். இன்னொருக்கா கேட்டா சரிங்கலாம்னு இருந்தேன். கேக்காமப் போயிட்டாங்க."

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"இன்னொருக்காவா? இது என்ன கல்யாண வீட்டுப் பாயசமாம்மா?"

கையைப் பிடித்து எஸ்.டி.டி. பூத்துக்கு இழுத்துப் போனாள். "நான் பேசுனா எடுபடாது. நீயே சொல்லணும். அனுப்புறேன்னு ஒரு வார்த்தை, அம்புட்டுத்தான்." நம்பரை அழுத்தி என் காதில் வைத்தாள்.

"ஹலோ, யாருங்க?" டீச்சரம்மா குரல்தான். கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே ரெண்டு ஆம்பிளைகள் காத்து நின்றார்கள். வேண்டாம் என்று சொன்ன வாயால் வேணும் என்று எப்படிக் கேட்பது? அந்தப் பக்கம் மூன்று தடவை ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மகள் மறுபடி அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பேரைக் கொடுக்கக் கிளம்பியிருப்பார்.

திங்கட்கிழமை காலேஜுக்கே போய் நின்றோம். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்று டீச்சரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஆயக்குடிப் பெண்ணின் பேரைச் சனிக்கிழமையே கொடுத்துவிட்டார். என் மகளோடு சேர்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தவள் அவள். மகள் எழுதியதை இனி அவள்தான் வாசிக்க வேண்டும்.

அந்த வாரம் முழுக்க அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்து வாசித்துப் பழகினாள். "ஏனுங்கம்மா, எனக்கு இது நல்லாவே இல்லைங்க" என்று என்னிடம் கண் கலங்கினாள். "பேசாம வாசிடி" என்றாள் மகள். அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு விளங்கியது 'குட்மார்னிங்' மட்டும்தான். நடுவில் ஒரு இடத்தில் மகள் நிறுத்தச் சொன்னாள்.

"இங்க செத்த நேரம் நிறுத்திக்க. எல்லாரும் சிரிப்பாங்க."

பூனாவில் அவர்கள் சிரிப்பது அவளுக்கு இங்கிருந்தே கேட்டிருக்கிறது.

அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் என் மகளை யாரும் எங்கும் பேசக் கூப்பிடவில்லை.

அந்தப் பெண்ணை வண்டியேற்றிவிட மகளோடு நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். துணைக்குப் போகிற டீச்சரம்மா உள்ளே பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் கம்பிக்குள் புளிச்சோற்றுப் பொட்டலத்தை நீட்டினேன்.

"வேண்டாங்கம்மா, வீட்லயே கட்டிக் குடுத்திருக்காங்க."

"இருக்கட்டும் ஆத்தா. வழியில பசிக்கும், வச்சுக்க."

அந்தப் பெண் வாங்கிக்கொண்டாள். மகள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டி நகர்ந்தது. கடைசிப் பெட்டி போகும்வரை கையை ஆட்டினாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"நீ மட்டுந்தாம்மா ரெண்டாந்தடவ கேக்குற."