அத்தையைத் தேடி இறைத்த கிணறு

அந்தத் தேர்தல் நாளின் விடியலில் அத்தையின் கட்டில் காலியாகக் கிடந்தது. அத்தை அப்பாவின் தங்கை. சிறுவயதில் வந்த காய்ச்சலில் கண்ணும் காதும் போய், பேச்சு மட்டும் மிஞ்சியவள். நாம் சொல்வதை அவள் உள்ளங்கையில் விரலால் எழுத வேண்டும். வீட்டில் அதற்குப் பொறுமை இருந்தது எனக்கு மட்டும்தான். எனக்கு வேறு வேலை இல்லை என்பதும் ஒரு காரணம்.

கிணற்றடித் துவைகல்லின் பக்கத்தில் அத்தையின் செருப்பு கிடந்தது. அதைப் பார்த்து அம்மா போட்ட சத்தம் கோவிந்தாபுரம் வரைக்கும் கேட்டிருக்கும்.

கிணற்றில் ஆள் விழுந்த சந்தேகம் வந்தால் எங்கள் பக்கத்தில் முதல் வேலை மோட்டாரைப் போடுவதுதான். சித்திரை வெயிலில் தென்னைக்கென்று சேமித்த தண்ணீரையெல்லாம் அப்பா வெளியே ஓடவிட்டார். ஓட்டுப் போடப் போக வேண்டிய ஊர் எங்கள் கிணற்றைச் சுற்றி நின்றது. தண்ணீர் இறங்க இறங்க நான் எட்டி எட்டிப் பார்த்தேன். கடைசியில் சேற்றில் ஒரு பிளாஸ்டிக் குடம் மட்டும் கிடந்தது.

அப்போதுதான் வாய்க்கால் மேட்டில் வெள்ளைக்கோலைத் தட்டிக்கொண்டு அத்தை வந்தாள். காலில் புது ஷூ. பாலக்காட்டிலிருந்து வந்து அவளுக்கு நடை பழக்கிய டீச்சர் வாங்கிக் கொடுத்தது. விரலில் ஓட்டு மை. அதுவரை எல்லாத் தேர்தலிலும் அப்பாதான் அவளைக் கைபிடித்துக் கூட்டிப் போய், அவளுக்காகப் பொத்தானை அமுக்குவார். யாருக்குப் போட்டார் என்றுகூட அவளிடம் சொன்னதில்லை.

கோல் வரிசையாகக் கால்களில் இடித்ததும் அத்தை நின்றுவிட்டாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

“ஏங்கண்ணு, இத்தனை பேரு நிக்கறாங்களே, யாரு போயிட்டாங்க?”

‘நீங்கதான்’ என்று எழுதினேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அப்பா அழுதுகொண்டே கத்தினார். சொல்லிவிட்டுப் போனால் என்ன என்று கேட்கிறார் என்பதையும் எழுதினேன்.

“ஒரு வாரமாச் சொன்னனுங்களே அண்ணா, நானே போயிப் போடறேன்னு. நீங்கதான் கேக்கலீங்க.”

அப்பா அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

‘எங்களுக்கு வேண்டியதை எங்களிடமே கேளுங்கள்’ என்று இன்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி வாதாடுகிற அத்தை, கூட்டங்களில் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்கிறாள். நான் எழுதிய பதில் வந்ததும் எல்லோரும் சிரிப்பார்கள். பக்கத்தில் இருக்கும் நான், சிரிக்கிறார்கள் என்று அவள் கையில் எழுதுவேன். சிரிப்பு அடங்கும்வரை அத்தை பேசாமல் நிற்பாள்.

அன்று ஒன்பது வயதில் எனக்கு விளங்கியது அத்தை சாகவில்லை என்பது மட்டும்தான். அவள் சொல் எடுபடாத அந்த வீட்டில், நான் எழுதியது உண்மை என்று தெரியாமலே எழுதியிருந்தேன்.