கங்காணியின் தொண்டை

மாதையன் கடல் கடந்து போய்ச் சம்பாதித்தவை ஒரு பசியும் ஒரு பகையும். இரண்டையும் அவன் சிரத்தையாகப் பராமரித்தான்.

ராசிபுரத்துக்கு மேற்கே வானம் பார்த்த பூமியில் பிறந்தவன். மழை பொய்த்த ஒரு வருஷம், தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்க வந்த கண்ணுசாமிக் கங்காணி சந்தைத் திடலில் நின்று, "மலாய்த் தோட்டத்துல மூணு வேளையும் நெல்லுச்சோறுடா! களி கிண்டற வேலையே இல்ல!" என்று முழங்கினார். மாதையனும் பெண்டாட்டி ஆராயியும் கப்பலேறினார்கள்.

கங்காணி பொய் சொல்லவில்லை. மூன்று வேளையும் சோறு கிடைத்தது. வினையே அதுதான். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன மாதையனுக்கு வெயில் ஏறுமுன் வயிறு காலி. எவ்வளவு தின்றாலும் யாரோ பின்னாலேயே வந்து எடுத்துக்கொண்டு போனது போல இருந்தது. தனக்கென்று பழக்கங்கள் இருப்பதாக அவன் ஊரில் இருந்தவரை நினைத்ததே இல்லை. எல்லோரும் செய்ததைச் செய்தான். இங்கே வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. தலைக்கு மணைக்கட்டை வைக்காமல் தூக்கம் வராது. பச்சை மிளகாயைக் கடிக்காமல் நீராகாரம் இறங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, ராகிக் களி நெஞ்சைத் தடவிக்கொண்டு இறங்கி, வயிற்றில் கனமாக உட்காராவிட்டால் அன்றைக்கு அவன் சாப்பிட்டவனே இல்லை.

இந்தக் கண்டுபிடிப்பை அவன் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கலாம். "ஏனுங்க கங்காணியாரே, இங்க ராகி எங்கயாச்சும் கெடைக்குமுங்களா?" என்று போய்க் கேட்டான்.

மறுநாள் விடியலில், ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், கங்காணி எல்லோரும் கேட்கச் சொன்னார்: "டே களியுருண்ட! சோத்தக் கண்டா உனக்கு எளக்காரமாடா? நானெல்லாம் மோகனூரு, காவேரிக்கரை. எங்க ஊட்டு நாயிகூடக் களிய மோந்து பாக்காது!"

களமே சிரித்தது. நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் சேலம் ஜில்லாவில் களி தின்று வளர்ந்தவர்கள். அதனால் இன்னும் உரக்கச் சிரித்தார்கள். அத்தோடு மாதையன் என்ற பெயர் போயிற்று. பேர் கூப்பிடும்போதும் களியுருண்டைதான். குழாயடியில் ஆராயி, களியுருண்டை பொண்டாட்டி ஆனாள்.

"போன பேர வாங்கிட்டு வா. அதுவரைக்கும் எங்கிட்டப் பேச்சு வேண்டாம்" என்றாள் ஆராயி.

பால் வெட்டும் கத்தி கையிலேயே இருந்தது. ஆனால் மாதையன் அதைவிடக் கொடிய ஆயுதத்தைத் தேர்ந்தெடுத்தான். அடுத்த கப்பலில் வந்த பொன்னன் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்த ராகியில் ஒரு பிடி வாங்கி, கூலிகள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஓடையோரம் விதைத்தான். பழிவாங்குவதற்காகத் தண்ணீர் பாய்ச்சிக் களை பறித்து, குருவி விரட்டியவன் அந்தத் தோட்டத்திலேயே அவன் ஒருவன்தான்.

மாரியம்மன் நோம்பி வந்தது. ஆராயி களி கிண்டி, கொள்ளுக் கடைசல் கடைந்து, அம்மனுக்குப் படைத்தாள். படைத்ததில் முதல் இலை கங்காணிக்குப் போகவேண்டும். அது தோட்டத்து மரியாதை.

"சாமிக்குப் படைச்சதுங்க. வேண்டாமுன்னா ஆத்தா கோவிச்சுக்குமுங்க" என்று மாதையன் கைகட்டி நின்றான்.

"இத எப்பிடித் திங்கறதுன்னே நமக்குத் தெரியாதே!" என்றபடி கங்காணி உட்கார்ந்தார்.

களியை மெல்லக்கூடாது, விழுங்கவேண்டும். பழகாதவன் மெல்லுவான், மென்றால் பல்லிலும் அண்ணத்திலும் பசையாக அப்பிக்கொள்ளும். பக்கத்து இலையில் இருந்த, தோட்டத்துக் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி மென்றார். பிறகு பந்தி முடியும்வரை அவர் வாய் திறக்கவில்லை.

கங்காணியும் முதல் வாயை மென்றார். முகத்தைக்கூடச் சுளித்தார். நல்ல நடிப்புதான். ஆனால் கடைசலின் பூண்டு வாசனை மூக்கில் ஏறியதும் விரல்கள் அவரைக் கேட்காமலே வேலையை ஆரம்பித்துவிட்டன. கிள்ளின, உருட்டின, கட்டைவிரலால் குழி செய்து கடைசலை அள்ளின. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. மறுபடியும். கண் செருகிவிட்டது.

"அடியாத்தா! காவேரிக்கரைக்காரரு மெல்லாமயே முழுங்கறாரு பாருங்கடி!" என்றாள் வாயாடி பாவாயி.

"ஏனுங்க, மோகனூருல எந்தத் தெருவுங்க?" என்று ஒரு குரல்.

"மோகனூரா? அது கொல்லிமலை அடிவாரத்துக் களித் தொண்டையாட்டமல்ல இருக்குது!" என்றான் பொன்னன்.

கங்காணியின் கை அந்தரத்தில் நின்றது. எழுந்து போகவேண்டியவர்தான். ஆனால் இலையில் பாதி உருண்டை மிச்சமிருந்தது. மானத்தையும் களியையும் ஒரு கணம் எடைபோட்டார்; களி கனத்தது. மிச்சத்தையும் விழுங்கி, இலையை வழித்து, தலை நிமிராமல் சொன்னார்:

"இன்னொன்னு வெய்யி... மாதையா."

ஆராயி இரக்கப்பட்டு உருண்டையை எடுக்கப் போனாள். மாதையன் அவள் கையைப் பிடித்தான்.

"தீந்துபோச்சுங்க" என்றான்.

சட்டி நிறைய இருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. கங்காணிக்கும் தெரிந்தது. மாதையன் அதிலிருந்து ஒன்றை எடுத்து, அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் விழுங்கத் தொடங்கினான்.