யோகமலரின் பெயர் பட்டியலில் இல்லை

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் யோகமலர் ஓவர்டைமுக்கு வரமாட்டார். கப்பல் ஏற வேண்டிய சரக்கு எவ்வளவு தேங்கி நின்றாலும் சரி. அன்று அவிநாசிபாளையம் பக்கத்திலுள்ள இலங்கைத் தமிழர் முகாமில் ஆள் கணக்கெடுப்பு. வருவாய் ஆய்வாளர் பெயர் வாசிப்பார். நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் பெயரை அடித்துவிடுவார்களோ என்று முகாமில் எல்லோருக்கும் பயம்.

யோகமலருக்கு வயது முப்பத்தொன்பது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள் என்கிறது சட்டம். அது அவருக்குத் தெரியவந்தபோது வயது முப்பத்தைந்து. உடனே மனு போட்டார். பெற்றோர் அகதிகள் என்று இரண்டு முறை திருப்பிவிட்டார்கள். மூன்றாவது மனு போய்ப் பதினான்கு மாதம்.

போன கணக்கெடுப்பில் ஆய்வாளர் கன்னையன் வாசித்துக்கொண்டே வந்தார். புஷ்பராணி கையெழுத்துப் போட்டார். அடுத்து யோகமலர் வர வேண்டும். சிவநேசன் என்றார் கன்னையன்.

“ஐயா, என்ர பேர்?”

“உங்க பேரு இல்லீங்களே.”

“இல்லையோ? காய்ச்சலோடயும் வந்து நிண்டனான் ஐயா! ஆர் வெட்டினது? திரும்ப எழுதுங்கோ!”

“எழுத முடியாதுங்க.”

“எழுதுமட்டும் எழும்ப மாட்டன்.” மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். வரிசை அப்படியே நின்றது; பின்னால் முணுமுணுப்பு எழுந்தது.

கன்னையன் பையைத் துழாவி ஓர் உறையை எடுத்தார். “ஏனுங்க, முழுசாக் கேட்டுட்டுச் சண்ட போடுங்க. கடசீல குடுக்கலாம்னு வெச்சிருந்தேன். கலெக்டர் ஆபீசு வழியா வந்திருக்குது. உங்க மனுவ ஏத்துக்கிட்டாங்க. இந்தியப் பிரஜைக்கு அகதிப் பட்டியல்ல என்னங்க வேல?”

யோகமலர் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார்.

“அப்ப அடுத்த மாசம் நான் வரத் தேவையில்லையோ?”

“வந்தாத்தானுங்க தப்பு.”

“எழும்படி இந்தியாக்காரி, எங்கட வரிசைய மறிக்காத!” என்று புஷ்பராணி கத்த, முகாமே சிரித்தது.

யோகமலர் எழுந்தார். நேராகப் புஷ்பராணியின் கையைப் பிடித்தார். “நீயும் மண்டபத்திலதானே பிறந்தனி? எண்பத்தேழு பெப்ரவரி. எனக்குக் கிடைச்சா நீயும் மனுப் போடுறன் எண்டனியெல்லே?”

“ஓம், ஆனா இப்பவோ?”

“இப்பத்தான்! ஐயா, ஒரு வெள்ளைத்தாள் தாங்கோ.”

கன்னையன் பேனாவையும் சேர்த்துக் கொடுத்தார். வரிசை மறுபடி நின்றுபோனது. இந்தமுறை யாரும் முணுமுணுக்கவில்லை.