படகில் பெண் பார்த்த நாள்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் என்னையும் தன் அப்பாவையும் நீர்கொழும்பு டச்சுக் கால்வாயில் படகேற்றினாள். சேறும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாடை உட்கார்ந்ததுமே மூக்கில் ஏறியது. ஒல்லாந்தர் காலத்துப் பெருமைகளைப் படகோட்டி அடுக்கிக்கொண்டே வந்தார். எனக்கோ அது என்னைப் பெண் பார்த்த இடம்.

அப்போது யுத்தகாலம். குருவிட்ட பக்கத்துத் தோட்டமொன்றில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை. மாப்பிள்ளை கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில் பிறந்தவர். நீர்கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலைக்கு நின்றார். அவர்களை வீட்டுக்கு அழைத்தால் லயத்து வரிசை வீட்டின் கூரை ஒழுகுவது தெரிந்துவிடுமே என்று அம்மாவுக்கு வெட்கம். மாமாதான் வழி சொன்னார். "நம்மளே அங்க போயிருவோம். போட்ல ஒரு சுத்து சுத்துனா ட்ரிப் போன மாதிரியும் ஆச்சு."

பஸ் ஏறும்போதே அவர் உத்தரவும் போட்டார். "வழியெல்லாம் செக்பொயிண்ட். தமிழ் பேசுனா எறக்கி விசாரிப்பாங்க. சிங்களத்துலயே பேசுங்க, இல்லாட்டி வாய மூடிக்கிட்டு வாங்க."

சிங்களவர் நிறைந்த சபரகமுவவில் பிறந்த எங்கள் இரு வீட்டாருக்கும் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. நெற்றியில் பொட்டு, தலையில் பூ, வாயில் மட்டும் சிங்களம். படகில் நானும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து வானொலிச் செய்தி வாசிப்பவர்கள் போல நலம் விசாரித்துக்கொண்டோம். அவருடைய அம்மா மாமாவின் காதோரம், "பொண்ணுக்குத் தமிழ் வருமாங்க?" என்று கேட்டாராம். சிரிக்காதீர்கள், பாவம், நிஜமாகவே பயந்துபோயிருக்கிறார்.

எனக்கு ஒரேயொரு கேள்விதான். கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போக விடுவாரா? இல்லையென்றால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்றிருந்தேன். ஆனால் சிங்களத்தில் கேட்டால் படகோட்டிக்கு விளங்கும், தமிழில் கேட்கப் பயம். எஞ்சின் சத்தத்திலேயே கேட்டிருக்கலாம், அதற்கும் புத்தி வரவில்லை. தாழ்ந்த பாலமொன்று வந்ததும் படகோட்டி எஞ்சினை அணைத்துவிட்டுக் கோலால் தள்ளத் தொடங்கினார். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. பாலத்தின்மேல் துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள். வருவது வரட்டும் என்று சிங்களத்திலேயே கேட்டுவிட்டேன். படகோட்டி முகத்தைக் கரைப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாப்பிள்ளை சிப்பாய்களை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தாமல், தமிழில் சொன்னார். "தாராளமா போங்க. அது உங்க வேலை, நான் யாரு தடுக்குறதுக்கு?"

மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டார். மேலிருந்து யாரும் கூப்பிடவில்லை. படகு பாலத்தைத் தாண்டி வெயிலுக்கு வருவதற்குள் நான் சம்மதித்துவிட்டேன். ஏன் தமிழில் சொன்னீர்கள் என்று பின்னாளில் கேட்டதற்கு, "வாக்குக் குடுக்குறப்ப வேற பாஷை வரலீங்க" என்றார். அந்த வாக்கை அவர் ஒருநாளும் மீறியதில்லை. நீர்கொழும்பில் ஒரு பாலர் பாடசாலையில் இன்றைக்கும் வேலை செய்கிறேன்.

இப்போது பாலத்தில் சிப்பாய்களும் இல்லை, மணல்மூட்டைகளும் இல்லை. எங்கள் படகில் ஒரு குடும்பமே தமிழில் பாடிக்கொண்டு வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்கக் கேட்க மனம் நிறைந்தது. அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். போன வருஷம் வந்த பாரிசவாதத்தில் அவருக்குப் பேச்சு போய்விட்டது.