சுகுமார் சார் மறைக்காமல் சொன்னவை

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் சுகுமார் சாரின் மனைவி கலா அக்கா போன் செய்தார். "விஜி, அவரு காலைல போய்ட்டாரும்மா. ஹார்ட்டாம். உங்க ஆபீஸ் குரூப்புல போட்டுடு." அந்தக் குரூப்பிலிருந்து சாரை நீக்கி நான்கு மாதமாகிவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? இரங்கல் செய்தியை அடித்தேன். மேனேஜரும் அதில் இருக்கிறாரே என்று பயந்து அழித்துவிட்டேன். மாடிப்படியில் நின்று ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொண்டோம். பாலவாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போய் மாலை போட்டவர்கள் மூன்றே பேர். வர முடியாத, வரப் பயந்த ஆபீஸ் நண்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தி.நகர் அலுவலகத்தில் மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. பதினாறு வருடம் அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. ஒரு காகிதம் குறைந்தால் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு திருப்பி அனுப்புவோம். அவர் ஆஸ்பத்திரிக்கே போன் போடுவார். "படுத்துக்கினு கீறவன் பேப்பருக்கு அலைவானா? நாமதான் கேட்டு வாங்கணும்" என்பார். டார்கெட் குறைகிறது என்று மாதாமாதம் திட்டு வாங்குவார். மறுநாளும் போன் போடுவார்.

அந்த வேலையை வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் கொடுக்கப் போவதாகச் சொன்னார்கள். அதற்கு முன் யார் எதை எப்படிச் செய்கிறோம் என்று கம்ப்யூட்டர் திரையோடு குரலையும் சேர்த்துப் பதிவு செய்து தரவேண்டும். எங்கள் வேலை போய்விடும் என்று பயந்தோம். நான் முக்கியமான நாலு விஷயங்களை முழுங்கிவிட்டேன். பலரும் அப்படித்தான் செய்தோம், இப்போது மறுக்க வேண்டாம். சார் ஒருவர்தான் எந்த ஆஸ்பத்திரியில் யாரைக் கேட்க வேண்டும் என்பதுவரை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"சார், எல்லாத்தையும் குடுத்துட்டா உங்களை எதுக்கு வெச்சிருப்பாங்க?" என்று கிசுகிசுத்தேன்.

"இன்னாம்மா பண்றது? நான் மறைச்சா மேனேஜருக்கா கஷ்டம்? ஆஸ்பத்திரில கீற எவனுக்கோ பணம் நின்னுபூடும். எனக்கும் பயமாத்தான் கீது." மவுஸை நகர்த்தி அடுத்த விண்ணப்பத்தைத் திறந்தார்.

முதலில் வேலையைவிட்டு அனுப்பப்பட்டவர் அவர்தான். அவருடைய பதிவு முழுமையாக இருக்கிறதாம். என்னிடம் இன்னும் சந்தேகம் கேட்க வேண்டியிருந்ததால் என்னை வைத்துக்கொண்டார்கள். அதன்பிறகு சார் எனக்கு இரண்டு முறை போன் செய்தார். அவரோடு பேசுவது யார் காதிலாவது விழுமோ என்று நான் எடுக்கவில்லை. எதற்குக் கூப்பிட்டார் என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை. அது என்னைப் போட்டு அரிக்கிறது.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பதிவிலுள்ள குரல். வெளியூரில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அதைத்தான் தினமும் வீடியோ காலில் ஓடவிடுகிறோம். ஓடி முடியும்வரை நான் உடன் உட்கார்ந்திருக்க வேண்டும். "திருப்பி அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுப் பாருங்க" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்கிறார். அவரை எரித்த மறுநாள், திரையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "மேடம், இந்த சார் ரொம்ப நல்லா சொல்றாரு. அவர்கிட்ட ஒரு டவுட் கேக்கலாமா?"

மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். "சார் லீவுல இருக்காரும்மா" என்றேன்.