பெண்டியத்துக்குப் பூ வைத்த பவுனம்மாள்

பிரிக்பீல்ட்ஸில் அந்தக் காலத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்களில் பாதிப் பேருடைய பெயரைச் சீதாலெட்சுமி ஒருமுறையாவது தட்டியிருப்பாள். மீதிப் பாதிப் பேர் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டவர்கள். அவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை தேவைப்படவில்லை.

கிள்ளானில் ஒரு தையல்கடையில் ரவிக்கை வெட்டிக்கொண்டிருந்தவள் அவள். கண்ணுக்குச் சோர்வு தட்டியதும் கத்தரியை வைத்துவிட்டுத் தமிழ் டைப்செட்டிங் படித்தாள். வாழையிலைச் சாப்பாட்டுக்கடை ஒன்றின் மேல்மாடியில் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்து, யாரோ ஓரங்கட்டிய ஒரு ஃபோர் எய்ட்டி சிக்ஸ் கம்ப்யூட்டரை வாங்கிப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். எழுத்து மட்டும் இருந்தால் அந்த மெஷின் ஒழுங்காக வேலை செய்யும். படம் என்று ஒன்று வந்துவிட்டால் போச்சு. மணமக்கள் படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு அவள் கீழே இறங்கி, ரசம் மோர் வரைக்கும் சாப்பிட்டு, வெற்றிலையும் போட்டுக்கொண்டு மேலே வந்தால் மாப்பிள்ளையின் தலைப்பாகை மட்டும் வந்திருக்கும். பெண்ணின் முகம் வருவதற்குள் அவளுக்குத் தலைப்பிள்ளையே பிறந்துவிட்ட கதையும் உண்டு. நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் கனகசபை வந்தார். ரயில்வேயில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக்காரர், கோயில் நிர்வாகக் குழுவின் செயலாளர். கோயில் திருவிழாவுக்கு ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள், பக்கத்துக்குப் பக்கம் படம். அந்த வேலை கிடைத்தால் சீதாலெட்சுமிக்கு ஒரு வருஷத்துக்கு வாடகைக் கவலை இல்லை. ஆனால் அவளுடைய மெஷினின் வேகம் ஏற்கெனவே ஊர் முழுக்கப் பேர்பெற்றிருந்தது.

“பிள்ளை, சரஸ்வதி பூசை முடிஞ்ச அடுத்த நாள் காலமை வாறன். என்ர படம் போட்ட பக்கத்தை என்ர கண்ணுக்கு முன்னால திறந்து காட்டு. திறந்தால் மலர் உனக்கு. இல்லாட்டிக் கிள்ளான் அச்சகத்துக்குக் குடுத்திடுவன்.”

ரிங்கிட்டின் மதிப்பு படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்த வருஷம் அது. புது மெஷின் என்ன விலை என்று கடையில் கேட்டாள், கேட்டதோடு சரி. ஆனால் பழைய புடவைக்குப் புது ரவிக்கை தைத்துக் கல்யாண வீட்டுக்கு அனுப்பிவைத்த கை அவளுடையது. பெட்டியும் டிஸ்க்கும் கீபோர்டும் இருக்கட்டும், உள்ளே இருக்கும் மதர்போர்டையும் புரோசசரையும் மட்டும் மாற்றினால் போதும் என்று முடிவுகட்டினாள்.

ரவிக்கைத் துணி எடுக்கப்போகிறவள் புடவையைக் கையோடு கொண்டுபோவாள். சீதாலெட்சுமி கம்ப்யூட்டர் பெட்டியையே கொண்டுபோனாள். பழைய பருத்திச் சேலையில் மூட்டையாகக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு மினி பஸ்ஸில் இம்பியில் இருந்த கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். பக்கத்து சீட்டுக்காரர் அது குழந்தை என்று நினைத்து இடம் விட்டார் என்பார்கள். கண்டக்டர் அரை டிக்கெட் கேட்டார் என்பதும் கேள்விதான்.

கடைக்காரச் சீனர் சிரித்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் அவள் மூட்டையை அவிழ்த்து, ஏதோ ஆபீசில் கழற்றிய, அவளுடையதைவிட ஒரு தலைமுறை புதிய பெண்டியம் போர்டை எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தாள். திருகாணித் துளைகள் பொருந்துகின்றனவா, பழைய ரேம் உட்காருகிறதா, கீபோர்டு பிளக் நுழைகிறதா என்று ஒவ்வொன்றாகத் தோள் அளவு, கை அளவு பார்ப்பதுபோலப் பார்த்தாள். மூன்றாவது போர்டு கச்சிதமாக உட்கார்ந்தது. எல்லாவற்றிலும் வேகமான புரோசசரைக் கடைக்காரர் நீட்ட, அவள் அதற்கு இரண்டு படி கீழே உள்ளதைக் காட்டினாள். படம் திறந்தால் போதும், ராக்கெட் விடப்போவதில்லை என்றாள். போர்டுக்குக் கரண்ட் போகும் இரண்டு பிளக்கையும் கறுப்பு வயரோடு கறுப்பு வயர் சேரும்படி மாட்டவேண்டும், மாற்றி மாட்டினால் புகைதான் என்று கடைக்காரர் எச்சரித்தார். பக்கத்தையல் சேர்ப்பது மாதிரி என்று அவள் மனதில் வைத்துக்கொண்டாள்.

பூசைக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் மாட்டி முடித்தாள். படம் ஒன்றைத் திறந்து பார்த்தாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது.

பூசையன்று தொழில் கருவியைத் தொடக்கூடாது. அதனால் சந்தனம் குங்குமம் வைக்க, கீழே நடைபாதையில் பூக்கட்டி விற்கும் பவுனம்மாள் வழக்கம்போல் மேலே வந்தாள். சீதாலெட்சுமி பெட்டியை மூடப்போனபோது பவுனம்மாள் தடுத்தாள். பெட்டி பழசு, உள்ளே இருப்பதுதானே புதுசு, சாமி புதுசைப் பார்க்கவேண்டாமா என்று கேட்டாள். அது நியாயமாகத்தான் பட்டது. பெட்டியைத் திறந்தே விட்டுவிட்டுச் சீதாலெட்சுமி சுண்டல் எடுக்கப் போனாள்.

மறுநாள் காலையில் கனகசபையின் குடை படிக்கட்டில் தட்டும் சத்தம் கேட்டபோதுதான் பெட்டி இன்னும் திறந்து கிடப்பதைப் பார்த்தாள். மூடியைக் கவிழ்த்து அழுத்திவிட்டுச் சுவிட்சைப் போட்டாள்.

தேநீர் வந்தது. மலரின் முன்னட்டை திறந்தது, கோயில் குழுத் தலைவர் பக்கம் திறந்தது. கனகசபை நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டார். அவருடைய பக்கம் திறந்தது. நெற்றி வந்தது, திருநீறு வந்தது, கண்ணாடி வந்தது, மூக்கு வந்தது. அதோடு நின்றுவிட்டது.

செயலாளர் தன் மூக்கை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மவுஸ் அசையவில்லை, கீபோர்டும் கேட்கவில்லை.

“என்ன பிள்ளை, மூக்குக்குக் கீழ ஒண்டையும் காணேல்ல?” என்று கேட்டுக் குடையை எடுத்தார்.

“உக்காருங்க அங்கிள். மீசை எங்கயும் ஓடிப்போவாது.”

கீழேயிருந்து ரசம் தாளிக்கும் வாசம் வருவது அந்த அறைக்குப் பழக்கம். அன்றைக்கு வந்தது வேறு வாசம்: மல்லிகையை நெய்யில் வதக்கினாற்போல. பிரிக்பீல்ட்ஸ் முழுவதும் அந்த வாசம் அடித்ததாக எனக்குச் சொன்னவர்கள் உண்டு. சீதாலெட்சுமி பிளக்கைப் பிடுங்கி மூடியைத் தூக்கினாள். புரோசசர் மேல் இருந்த சின்ன விசிறியில் ஒரு முழம் மல்லிகைச் சரம் சுற்றி, விசிறியை அசையவிடாமல் கட்டிப்போட்டிருந்தது. காற்றில்லாமல் புரோசசர் தோசைக்கல்லாகச் சூடேறி மயங்கிவிட்டது.

ஜன்னல் வழியாகக் கூப்பிட்டதும் பவுனம்மாள் மேலே வந்து பார்த்தாள். கொஞ்சமும் அசரவில்லை.

“லோரிக்குப் பூசை போட்டா டயருக்குப் பூ வைக்கிறதில்லையா? இதுக்கு இருக்கிறதே ஒரே ஒரு சக்கரம். அதுக்கும் வைக்காம விட்டா சாமி என்னைத்தான் கேக்கும் லா.”

கனகசபைக்குக் கோபிக்க வழி இல்லை. சரஸ்வதிக்கு வைத்த பூவை எந்தச் செயலாளர் குறை சொல்வது? சீதாலெட்சுமி நூலைக் கத்தரித்து, பாதி வதங்கிய பூவைப் பிரசாதமாக அவரிடம் நீட்டினாள். அவர் கண்ணில் ஒற்றிக் காதில் செருகிக்கொண்டார். பவுனம்மாள் முந்தானையால் புரோசசருக்கு விசிறினாள்.

இரண்டாம் முறை சுவிட்சைப் போட்டபோது, அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் முழு முகமும் வந்து நின்றது. மீசையும் வந்தது, மீசைக்குப் பக்கத்து மருவும் வந்தது. கனகசபை குனிந்து பார்த்தார்.

“தலைவரின்ர படமும் இவ்வளவு வடிவாத் தெரியுமோ?”

“அவரு படத்தைச் சின்னதாப் போட்டா தெரியாது அங்கிள்.”

கனகசபை குடையைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். கிள்ளான் அச்சகத்து மெஷினுக்குப் பூ வைக்க ஆர் இருக்கினம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மலருக்கான படங்கள் இருந்த உறையை மேசைமேல் போட்டார்.

மலர் வந்தபோது செயலாளர் படம் அரைப்பக்கம், தலைவர் படம் தபால்தலை அளவு. ஏன் என்று கேட்டவர்களுக்கு, மெஷின் அப்படித்தான் போடுகிறது என்று கனகசபையே பதில் சொன்னார். அந்தப் பெண்டியம் அடுத்த சரஸ்வதி பூசை வரைக்கும் ஒருநாளும் மயங்கவில்லை. அந்தப் பூசைக்குச் சீதாலெட்சுமி முன்கூட்டியே பெட்டியை மூடித் திருகாணியும் போட்டுவிட்டாள். சக்கரத்துக்கு வழியில்லாத பவுனம்மாள் மவுஸின் தலையில் ஒரு கிள்ளு மல்லிகையை வைத்துவிட்டுத் திருப்தியாகப் படியிறங்கினாள். அந்த மவுஸுக்கு அடியில் சக்கரம்போல ஓர் உருண்டை சுழல்கிறது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.